லயத்து வாசலில் புதினா

நமது சமையலுக்கு வாசனை தரும் பொருள்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை நிலம் வேண்டுவன என்பது புலப்படும். கறுவாவும் கராம்பும் மரங்கள். ஏலம் காட்டு நிழலையும் ஈரத்தையும் கேட்கும். கறிவேப்பிலைக்கும் இரம்பைக்குங்கூட முற்றத்தில் ஒரு மூலையை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். காணியே இல்லாதவர் வீட்டிலும் குறைவின்றி வளரும் வாசனைச் செடி ஒன்று உண்டெனில், அது புதினாவே. பழைய பால்மாத் தகரம் ஒன்று நிறைய மண்ணும், சந்தையில் வாங்கிய கட்டில் மிஞ்சிய நான்கு தண்டுகளும் அதற்குப் போதும்.

இச்செய்தி சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கு ஏனையோரைக் காட்டிலும் நெருக்கமானது. கேகாலை மாவட்டத்திலே மாவனல்லையிலிருந்து தெற்கு நோக்கி ஏறும் பாதையில் அரநாயக்க பிரதேசம் அமைந்துள்ளது. தட்டையான உச்சியுடைய பத்தலேகல மலையும், அசுப்பினி எல்ல நீர்வீழ்ச்சியும் அப்பக்கத்தின் அடையாளங்கள். தாழ்ந்த சரிவுகளில் றப்பரும், மேலே ஏற ஏறத் தேயிலையும் நிற்கின்றன. ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் ஈர வலயம் அது. மண்ணுக்கும் நீருக்கும் பஞ்சமில்லாத அந்நாட்டில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குப் பஞ்சமாயிருப்பது சொந்தமான ஒரு பாத்தி நிலமே. சில தோட்டங்களில் 7 பேர்ச் காணியோடு தனிவீடுகள் எழுந்துள்ளன. ஆயினும் லயத்துக் காம்பராக்களில் வாழ்வோர் இன்றும் ஏராளம். இஸ்தோப்பு, அதன் முன்னால் ஒரு நடைவழி, அதற்கப்பால் கான் என்ற அளவோடு அவர்களுடைய முற்றம் முடிந்துவிடுகிறது.

பின்புறச் சரிவை வெட்டிப் பாத்தி கட்டினால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது என்பதே விடை. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி, பல நாள் பெருமழைக்குப் பின் அரநாயக்கவில் சாமசர மலைச்சரிவு இடிந்து இறங்கியதை அப்பகுதியினர் எவரும் மறக்கமாட்டார்கள். சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே ஆகிய ஊர்களை மண் மூடிற்று. இறந்தவரும் காணாமற்போனவருமாக நூற்றுக்கு மேற்பட்டோரை நாடு இழந்தது. அவ்வளவு பெரிய அனர்த்தத்துக்கும் ஒரு கீரைப்பாத்திக்கும் தொடர்பில்லை என்பது மெய்யே. எனினும், வீட்டின் பின்புறத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டுவதும், மேல் மண்ணிலே நீரைத் தேக்குவதும் மண்மேட்டின் பிடிப்பைத் தளர்த்தும் செயல்கள். மலைநாட்டிலே தகரத்திலும் சட்டியிலும் வளர்ப்பது இடமின்மையால் வந்த ஏற்பாடு மட்டுமன்று. மலையைத் தொடாமல் பயிரிடும் முறையும் அதுவே.

எந்தப் புதினா?

புதினா என்பது பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக நமக்கு வந்த சொல். சிங்களச் சகோதரர் இதனை மிஞ்சி என்பர். மாவனல்லைப் பக்கத்துக் கடைகளில் இரு பெயரும் செல்லும். பெயர் ஒன்றாயினும் செடி ஒன்றன்று. புதினா இனத்திலே பல வகைகள் உண்டு. அவை தமக்குள் எளிதிற் கலந்து கலப்பினங்களைப் பெறுவதால், தாவர அறிஞரையே அவை தலை சொறிய வைப்பன.

முதலில் குடும்பத்தை அறிவோம். இளந்தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உருளாமல் நான்கு மூலை தட்டுப்படும். சதுரத் தண்டும், ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகளும் இக்குடும்பத்தின் அடையாளங்கள். துளசி இக்குடும்பத்தது, கற்பூரவல்லியும் இக்குடும்பத்தது. கேகாலைப் பக்கத்தில் விரும்பியுண்ணும் இன்னலக் கிழங்கும் இதே குடும்பத்துப் பிள்ளையே என்றால் மாணவர்கள் வியப்படைவார்கள். கற்பூரவல்லியைச் சில நாட்டார் மெக்சிக்கோப் புதினா என அழைப்பதுண்டு. அது உறவினரேயன்றிப் புதினா அன்று. சம்பலில் அதைப் போட்டால் வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நமது சந்தைகளில் கட்டுக்கட்டாக வருவது பெரும்பாலும் ஈட்டிமுனை போன்ற இலையையுடைய சமையற் புதினா. இதன் இலைக்குக் காம்பு இல்லையென்றே சொல்லலாம்; தண்டிலே நேராக ஒட்டியிருக்கும். இதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்னும் பொருள். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மருந்திற் சேர்க்கும் சதகுப்பை விதையிலும் கார்வோன் உண்டு. ஆனால் அதன் மணம் முற்றிலும் வேறு. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அமைப்பு மட்டும் வலக்கையும் இடக்கையும் போல, ஒன்று மற்றதன் கண்ணாடி உருவமாக நிற்கிறது. நமது மூக்கு அந்த வேறுபாட்டைப் பிசகின்றி உணர்ந்துகொள்கிறது.

இரண்டாவது மிளகுப் புதினா. இலைக்குச் சிறு காம்பும், தண்டில் ஊதா நிறச் சாயலும் உண்டு. கடித்தால் முதலில் காரமும் பின்னர் குளிர்ச்சியும் தோன்றும். இது சமையற் புதினாவும் நீர்ப் புதினாவும் கலந்து பிறந்தது. 1696ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹெர்ட்போட்ஷயரில் கிடைத்த இச்செடியை ஜோன் ரே என்ற தாவர அறிஞர் பதிந்து வைத்தார். கலப்பினமாதலால் இது நல்ல விதை தருவதில்லை. ஆகையால், மிளகுப் புதினா விதை என்று வண்ணப் பொதியில் விற்பதை வாங்குவோர் வேறேதோ ஒரு புதினாவையே பெறுவர். காசை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது ஜப்பான் புதினா. சமையலுக்கு ஏற்றதன்று. தலைவலித் தைலங்களிலும் இருமல் மிட்டாயிலும் சேரும் மென்தோல் இதிலிருந்தே பெருமளவிற் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானின் வடக்குத் தீவாகிய ஹொக்கைடோவில், கிட்டாமி நகரைச் சூழ்ந்த வயல்களே உலகுக்கு மென்தோல் வழங்கின. 1950களில் இச்செடி இந்தியாவுக்கு வந்தது. இன்று உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி, ராம்பூர் போன்ற மாவட்டங்களின் சிறு விவசாயிகளே உலகின் இயற்கை மென்தோலில் பெரும்பங்கை விளைவிக்கின்றனர். இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவிலுள்ள மருந்து, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அவர்களுக்கென உருவாக்கிய இனங்களுள் கோசி என்பது பெயர் பெற்றது.

இவையன்றி, பஞ்சு போன்ற இலையுடைய அப்பிள் புதினா, வெள்ளைக் கரையிட்ட அன்னாசிப் புதினா ஆகியவை அழகுக்காக வளர்ப்பன. பெனிரோயல் எனப்படும் தரைப்புதினா ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதன் எண்ணெய் ஈரலைக் கெடுக்கும் நஞ்சாகும். கருவுற்ற பெண்கள் அதனை வாயில் வைக்கவே கூடாது. பெயர் தெரியாத புதினாவை எவரேனும் கொடுத்தால், மணம் நன்றாயிருப்பது ஒன்றையே சான்றாகக் கொண்டு கஷாயம் வைத்தல் தகாது.

இரண்டு வகையை அருகருகே வளர்த்தால் ஒன்றன் மணம் மற்றதற்கு ஏறிவிடும் என்று நம்புவோர் உளர். இலையின் மணம் அவ்விதம் மாறுவதில்லை. நடப்பது வேறு: வலியது மண்ணுக்கடியில் ஓடிகளை விட்டு மெலியதை விழுங்கிவிடும். சில மாதங்களில் ஒன்றே மிஞ்சும்போது, மற்றதுதான் மணம் மாறிவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். வகைக்கொரு தகரம் வைப்பதே தீர்வு.

நடும் முறை

கட்டிலிருந்து முற்றாத, நிமிர்ந்த தண்டுகளைத் தெரிந்து, நான்கு அங்குல நீளத்தில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு குவளை நீரில் நிற்கவிட்டால் ஒரு வாரம் பத்து நாட்களில் வெண்ணிற வேர் இறங்கும். நீரை இரண்டு நாளுக்கொரு முறை மாற்றுக. றப்பர் பால் வடிக்கப் பயன்பட்ட பழஞ்சிரட்டை கிடைத்தால், அதன் ஒட்டுப் பாலை உரித்துவிட்டு, அடியில் துளையிட்டு, ஈரமணலில் தண்டை ஊன்றியும் வேர்விடச் செய்யலாம்.

தகரத்தின் அடியில் ஆணியால் ஏழெட்டுத் துளைகள் இடுக. பால்மா, பிஸ்கட், எண்ணெய்த் தகரங்கள் நல்லவை. களைகொல்லியோ பூச்சிமருந்தோ இருந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தலாகாது. தோட்டங்களிலே அத்தகைய கலன்கள் எளிதிற் கைக்குக் கிடைப்பன. நல்ல உறுதியாகவும் இருப்பன. ஆதலால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி மண். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. புதினாவோ அவ்வளவு புளிப்பைத் தாங்காது. நடுநிலைக்கு அண்மையான மண்ணிலேதான் செழிக்கும். தேயிலை மலையிலிருந்து அள்ளிவந்த மண்ணில் நட்ட புதினா வெளிறிக் குன்றுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மருந்து அடுப்படியிலேயே இருக்கிறது. விறகுச் சாம்பல் புளிப்பை முறிப்பதோடு பொட்டாசியச் சத்தையும் தருவது. ஒரு தகர மண்ணுக்கு ஒரு கைப்பிடி சலித்த சாம்பலும், மூன்றில் ஒரு பங்கு மக்கிய கூட்டெருவும் கலந்து ஒரு வாரம் ஆறவிட்டு நடுக. சாம்பல் அதிகமானாலும் தீங்கு. பிளாஸ்ரிக் எரித்த சாம்பல் அறவே ஆகாது. தேயிலைச் சக்கையை நேரே கொட்டாமல் கூட்டெருவில் மக்கவைத்துச் சேர்ப்பது நலம். கொழுந்துக்குப் போடும் யூரியாவை ஒரு பிடி அள்ளித் தூவும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இலை பெருக்கும், மணம் குறையும், நோயும் தொற்றும்.

காலை வெயில் மூன்று நான்கு மணி நேரமும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இஸ்தோப்பு ஓரம் புதினாவுக்கு உகந்தது. நட்ட ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் வெட்டு வெட்டலாம். ஒவ்வோர் இலையாகக் கிள்ளுவதைவிட, நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் விட்டு முழுத் தண்டையும் வெட்டுவதே நல்லது. புதுத் தளிர் அடர்ந்து வரும். கொழுந்தெடுக்கும் கைகளுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. ஓராண்டில் தகரம் முழுவதும் வேராகிவிடும். அப்போது கவிழ்த்து, பழைய நடுவேரை எறிந்துவிட்டு, ஓரத்து ஓடிகளைப் புது மண்ணில் நடுக.

நமது புதினா ஏன் பூப்பதில்லை என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். புதினா நீண்ட பகலைக் கண்டு பூக்கும் செடி. ஐரோப்பாவின் கோடையில் பகல் 16 மணி நேரம் வரை நீள்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 7 பாகையிலுள்ள அரநாயக்கவில், மிக நீண்ட பகலும் ஏறக்குறைய 12½ மணிதான். மிகக் குறுகியது 11¾ மணி. பூக்க வேண்டிய அழைப்பு வராததால் செடி நிமிராமல் படர்ந்து, ஓடிகளையே விடுகிறது. குறும்பகலில் மிளகுப் புதினாவின் எண்ணெயும் மாறுபடும். மென்தோல் குறைந்து வேறு பொருள்கள் மிகும். சீமையிலிருந்து தருவித்த மிளகுப் புதினா இங்கே அதே கூர்மையைத் தரவில்லையே என்று வளர்த்தவரை நோவது நியாயமன்று.

நீரும் நோயும்

ஈரம் விரும்பும் செடியாதலால், பீலிக்கரை ஓரத்தில் புதினாவை நட்டுவிடுவதும் உண்டு. செழிப்பாக வளரத்தான் செய்யும். ஆனால் அங்கே குளித்த நீரும், துணி துவைத்த நீரும், சிலபோது கானின் அழுக்கும் சேர்ந்தே ஓடுகின்றன. நாம் பச்சையாக அரைத்து உண்ணும் இலை இது. அடுப்பு அதன் கிருமியைக் கொல்வதில்லை. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகியவை இவ்வழியே வரக்கூடும். அன்றியும், எலிச்சிறுநீர் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடும் புண்பட்ட கையோடும் புழங்குவதால் எலிக்காய்ச்சல் தொற்றும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அந்நோய் அடிக்கடி காணப்படுவது யாவரும் அறிந்ததே. ஆகவே புதினாவுக்குச் சுத்தமான நீரைக் கொண்டுவந்து ஊற்றுங்கள்; கானில் அதனைத் தேடிப் போகவேண்டாம். பறித்த இலையை ஓடும் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசியே பயன்படுத்துக. தகரத்தின் கீழே நீர் தேங்கும் தட்டு வைப்பதும் வேண்டாம். டெங்கு நுளம்புக்கு அதுவே தொட்டிலாகும்.

செடிக்கு வரும் நோய்களுள் முதன்மையானது துரு. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொட்டுகள் தோன்றி, இலை சுருண்டு உதிரும். 1869 முதல் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்து, தேயிலைக்கு வழிவிட்ட இலைத்துரு நோயும் இப்பூஞ்சணத்தின் ஒன்றுவிட்ட உறவே. நம் முன்னோரில் பலர் தேயிலைக்கென இங்கு வந்தது அந்தத் துருவின் விளைவு என்றால், தகரத்துப் புதினாவில் அதன் உறவைக் காண்பது விந்தையே. நோயுற்ற தண்டுகளை அடியோடு வெட்டி எரித்துவிடுக. மீந்த ஓடிகளை 44 பாகை செல்சியசு வெந்நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி, உடனே குளிர்நீரில் அலசிப் புது மண்ணில் நட்டால் பெரும்பாலும் தப்பும். மழைக்காலத்து நத்தைகளை இரவில் விளக்கோடு சென்று கையாற் பொறுக்குவதே உத்தமம். உண்ணும் இலையில் மருந்து தெளிக்கலாகாது.

பருகுவதும் மருந்தும்

தேயிலையும் புதினாவும் சேர்ந்த பானம் உலகறிந்தது. வட ஆபிரிக்காவின் மொறோக்கோ நாட்டில் விருந்தினரை வரவேற்பது, உருட்டிய பச்சைத் தேயிலையில் புதினாத் தண்டுகளைத் திணித்து, சீனி மிகச் சேர்த்த தேநீரால்தான். இது அங்கே தொன்றுதொட்டு வந்த பழக்கமன்று. 1853க்கும் 1856க்கும் இடையே நடந்த கிரிமியப் போரின்போது வழக்கமான சந்தையை இழந்த பிரித்தானிய வணிகர்கள் தேயிலையை மொறோக்கோத் துறைமுகங்களில் கொண்டுபோய் இறக்கிய பின்னரே அது நாடெங்கும் பரவிற்று. நம் வீட்டு வெறுந்தேநீரிலும் ஐந்தாறு இலைகளைக் கசக்கிப் போட்டு மூன்று நிமிடம் மூடிவைத்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பருகலாம். கொதிக்கும்போது போடவேண்டாம், மணம் ஆவியோடு போய்விடும்.

ஈண்டு ஒன்றைக் கூறியாக வேண்டும். புதினா இரத்தத்தை ஊறச் செய்யும், ஆகவே சோகைக்கு மருந்து என்று பலரும் சொல்கிறார்கள். தோட்டப் பெண்களிடையே குருதிச்சோகை பரவலாக உள்ளதாதலால், இது வெறும் பேச்சாகப் போய்விடுவதில்லை. இலையிலே இரும்புச்சத்து உண்டு. ஆயினும் நாம் உண்பது ஒரு சிறு பிடியே. அதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. உணவோடு தேநீர் பருகினால், உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுவது வெகுவாகக் குறைகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, மிளகுப் புதினா ஊறிய நீரும் கறுப்புத் தேநீரைப் போன்றே இவ்வுறிஞ்சலைத் தடுப்பதாகக் காட்டிற்று. எனவே தேநீராயினும் புதினா நீராயினும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமேனும் தள்ளியே பருகுக. தாய்மார் நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையை இவற்றோடு விழுங்க வேண்டாம். புதினா உண்பதால் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

வயிற்றுப் பொருமலுக்குப் புதினா இதமளிப்பது உண்மை. மிளகுப் புதினா எண்ணெய் அடைத்த குளிகைகளை, குடல் எரிச்சல் நோய்க்கு மருத்துவரே கொடுப்பதுண்டு. ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்க்கு அது துன்பத்தை மிகுவிக்கும். இரைப்பையின் மேல்வாய்த் தசையை அது தளர்த்திவிடுகிறது. மென்தோலின் குளிர்ச்சியோ மெய்யான குளிர்ச்சியன்று. தோலிலும் நாவிலும் குளிரை உணரும் நரம்பு வாயிலை அது திறந்துவிடுவதால் மூளை குளிர் என்று நம்பிவிடுகிறது. 2002ஆம் ஆண்டு டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டாபூட்டியன் ஆகிய இருவரும் தனித்தனியே இவ்வாயிலை மென்தோலின் துணைகொண்டே கண்டறிந்தனர்; 2021இல் மருத்துவ நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பெரியவர்க்கு இதமான அந்தக் குளிர்ச்சி கைக்குழந்தைக்கு ஆபத்தாகலாம். சளி பிடித்த குழந்தையின் மூக்கடியில் மென்தோல் தைலம் தடவினால் மூச்சுக்குழல் திடீரென இறுகக்கூடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் முகத்தருகே அதனைக் கொண்டுசெல்லாதீர்கள்.

சம்பலும் சேமிப்பும்

மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் புரியாணிக்குப் பக்கத்தில் தவறாது இடம்பெறும் மிஞ்சிச் சம்பல், தோட்டத்து ரொட்டிக்கும் நன்கு பொருந்தும். இரண்டு கைப்பிடி இலை, அரை மூடித் தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய் மூன்று, சின்ன வெங்காயம் ஐந்தாறு, ஒரு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, உப்பு ஆகியவற்றை அம்மியில் வைத்து, இலையைக் கடைசியாகச் சேர்த்து அரைக்க வேண்டும். இலையை முதலிலேயே வைத்து நெடுநேரம் அரைத்தால் நிறம் கறுத்துக் கசப்பும் ஏறும். தேசிப்புளி இரண்டு தேக்கரண்டி பிழிந்துவிட்டால் பச்சை நிறம் நிற்கும். புளியிலுள்ள விற்றமின் சி, உடன் உண்ணும் கீரை பருப்பின் இரும்பு உடலிற் சேரவும் உதவும். அன்றரைத்ததை அன்றே உண்ணுதல் வேண்டும்.

மிஞ்சிய தண்டுகளைக் குவளை நீரில் பூச்செண்டு போல நிறுத்தினால் நான்கைந்து நாள் வாடாது. உலர்த்த விரும்புவோர் வெயிலில் பரப்பாமல், காற்றோட்டமான நிழலில் சிறு சிறு கட்டாகத் தலைகீழாகத் தொங்கவிடுக. மே மாத மழை பிடித்துவிட்டால் நிழலிலும் உலராது, பூஞ்சணம் கட்டும். அப்போது அடுப்பின் மேலுள்ள பரண் உதவும். ஆனால் புகை மணம் ஏறிய அந்த இலை தேநீருக்கு ஆகாது, குழம்புக்குத்தான் ஆகும். நொறுங்கும் பதத்தில் போத்தலில் அடைத்து, முழு இலையாகவே வைத்திருந்து, வேண்டும்போது மட்டும் கசக்கிக் கொள்ளுங்கள்.